ரோமானியக் கேடயத்தைப் பிடிப்பதும் சுமப்பதும்: முழுமையான வழிகாட்டி

முதல் முறையாக ரோமானியக் கேடயத்தைக் கையில் வாங்குகிறவர்கள் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, முழங்கையை நுழைக்க வார் எங்கே என்று தேடுவார்கள். வார் கிடையாது. நடுவில் குறுக்கே ஒரே ஒரு பிடி இருக்கும். அவ்வளவுதான்.

நான் இருப்பது ஜெர்மனியில், ரைன் ஆற்றுப் பக்கம். வார இறுதிகளில் ரோமானியப் படை உடையில் பயிற்சி செய்யும் ஒரு சிறிய குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். புதிதாக வருபவர்களுக்குக் கேடயத்தைச் சொல்லிக்கொடுக்கும் வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. அவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் இதை வரிசைப்படி எழுதி வைக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். மூன்றாவது படியைத் தாண்டிவிட்டு ஆறாவதற்குப் போனவர்களின் மணிக்கட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

1. எந்தக் கேடயம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"ரோமானியக் கேடயம்" என்று ஒன்று மட்டும் இல்லை. காலத்துக்கும் படைப்பிரிவுக்கும் ஏற்ப வடிவமும் எடையும் மாறும். எடை மாறினால் பிடித்து நிற்கும் விதமும் கொஞ்சம் மாறும்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் சொல்வது நீண்ட, வளைந்த கேடயம். உயரம் 4 ரோமானிய அடி, அகலம் இரண்டரை அடி. நம் கணக்கில் ஏறக்குறைய 118 செ.மீ., 74 செ.மீ. பலகை இரண்டு அடுக்கு, மேலே துணி, அதற்கு மேல் கன்றுத்தோல், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இரும்பு. எகிப்தின் ஃபயூம் பகுதியில் 1900இல் கிடைத்த கேடயம் இந்த வகைக்கு மிக நெருக்கமானது. 128 செ.மீ. உயரம், 63.5 செ.மீ. அகலம், பிர்ச் மரப் பட்டிகள் மூன்று அடுக்கு, மேலே கம்பளி. இதைப் பார்த்துச் செய்த நகல் சுமார் 10 கிலோ வந்தது. தொடக்கத்திலேயே இதை எடுக்காதீர்கள்.

எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும் செவ்வக வளைவுக் கேடயம் பேரரசுக் காலத்து லீஜன் வீரர்களுடையது (லீஜன் என்பது ரோமானியக் குடிமக்களைக் கொண்ட முதன்மைப் படைப்பிரிவு). சிரியாவின் டூரா யூரோபோஸில் கிடைத்தது 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உயரம் 1 மீட்டருக்குச் சற்று மேல். மெல்லிய மரப்பட்டிகளை மூன்று அடுக்காகக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டியது, நம் ப்ளைவுட் மாதிரியேதான். இந்த அளவில் செய்த நகல்கள், விளிம்புக்குப் போடும் உலோகத்தைப் பொறுத்து, ஐந்தரை முதல் ஏழரை கிலோ வரை வரும். கற்றுக்கொள்ள இதுதான் சரியானது. கீழே சொல்வதெல்லாம் இதை மனத்தில் வைத்துத்தான்.

குடியுரிமை இல்லாதவர்களைக் கொண்டு திரட்டிய துணைப்படையினர் வைத்திருந்தது பெரும்பாலும் தட்டையான, நீள்வட்டக் கேடயம். பிடிக்கும் முறை ஒன்றேதான். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. இங்கிலாந்தின் டான்காஸ்டரில் 1971இல் கிடைத்த கேடயத்தில் பிடி செங்குத்தாக இருந்தது. பிடி குறுக்காகத்தான் இருக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் இதை நினைவுபடுத்துங்கள். பயிற்சிக்குக் குறுக்குப் பிடியையே எடுங்கள். காரணம் 3ஆம் படியில் வருகிறது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேடயம் தவிர, பிடியில் சுற்ற ஒரு நீளத் தோல்பட்டி அல்லது பருத்தித் துணி வேண்டும். இடது கைக்கு மெல்லிய தோல் கையுறை வேண்டும். ரோமானியர் கையுறை போட்டார்களா என்று கேட்காதீர்கள். அவர்கள் தினமும் பயிற்சி செய்து கையைக் காய்க்க வைத்தவர்கள். நீங்கள் திங்கட்கிழமை கணினி முன்னால் உட்கார வேண்டியவர்.

தலைக்கவசம் முதல் நாளிலிருந்தே இருப்பது நல்லது. அது இல்லாமல் பழகினால் கேடயத்தின் மேல் விளிம்பை முகம் வரை உயர்த்தும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை விடுவிப்பது பெரும்பாடு.

கேடயத்தில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். இது விளையாட்டுக்காகச் சொல்வதில்லை. வரிசையாகச் சாய்த்து வைத்த பன்னிரண்டு கேடயங்களும் ஒரே மாதிரி இருக்கும், பிடியின் கனம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. ரோமானியர்களும் எழுதினார்கள். இங்கிலாந்தின் டைன் ஆற்றில் கிடைத்த ஒரு வெண்கலக் குமிழில் (கேடயத்தின் முன்பக்கம் நடுவில் புடைத்திருக்கும் உலோகப் பகுதி), 8ஆம் அகஸ்டா லீஜன், யூலியஸ் மாக்னஸின் நூற்றுவர் பிரிவு, யூனியஸ் டுபிடாடஸ் என்று புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறது. இவ்வளவு விவரம் எழுதியும் பாவம், ஆற்றில் போய்விட்டது.

3. பிடியைச் சரிபார்த்தல்

கேடயத்தைத் தூக்கும் முன் பத்து நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். புதியவர்களின் வலியில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

கேடயத்தின் நடுவில் ஒரு துளை, அந்தத் துளையை முன்னால் மூடியபடி உலோகக் குமிழ், பின்னால் துளைக்குக் குறுக்கே கிடைமட்டமாக ஒரு மரப்பிடி. கை அந்தப் பிடியைப் பற்றும்போது விரல் கணுக்கள் குமிழின் குழிக்குள் போய்விடும். கேடயத்திலேயே அடி வாங்கத் தயாரான இடம் அந்தக் குமிழ்தான். அதனால் அதன் பின்னால்தான் கை இருக்கிறது.

முதலில் இடத்தைப் பாருங்கள். கையுறை போட்ட முஷ்டியை உள்ளே விட்டு, மணிக்கட்டை மேலும் கீழும் அசையுங்கள். கணு எங்காவது உலோகத்தில் பட்டால் அந்தக் கேடயம் உங்களுக்கு ஆகாது, அல்லது பிடியைப் பின்னால் நகர்த்த வேண்டும். நிற்கும்போது லேசாகப் படுவது, அடி விழும்போது சுத்தியலால் தட்டுவது போல ஆகும்.

அடுத்தது கனம். பிடியைச் சுற்றி விரல்களை மூடினால் கட்டைவிரலின் நுனி நடுவிரல் நகத்தைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் பிடி தடிமன். சீவுங்கள். கட்டைவிரல் அதையும் தாண்டிப் போனால் பிடி மெலிவு. தோல்பட்டியைச் சுற்றுங்கள். உருண்டையாக இருப்பதைவிட முட்டை வடிவில் இருப்பது மேல், ஏனென்றால் உருண்டைப் பிடி உள்ளங்கையில் சுழலும்.

கடைசியாகச் சமநிலை. பிடியை இரண்டு விரலால் மட்டும் தூக்குங்கள். கேடயம் நேராகத் தொங்க வேண்டும். மேல்பகுதி முன்னால் கவிழ்ந்தால் பிடி கீழே இருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் பிடியை நட்ட நடுவிலிருந்து ஒரு விரற்கடை மேலே வைக்கிறோம். அப்போது கேடயம் தானாகவே நிமிர்ந்து நிற்கும், மணிக்கட்டு அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியதில்லை.

வளைந்த கேடயத்தில் ஒரு வசதி உண்டு. தட்டையான பலகையின் எடை முழுவதும் முஷ்டிக்கு முன்னால் இருக்கும், அதனால் மணிக்கட்டை முன்னால் இழுக்கும். வளைந்த கேடயத்தின் இரண்டு பக்கங்களும் பின்னால் வந்து கையை அணைத்துக்கொள்கின்றன. எடையின் மையம் ஏறக்குறைய பிடியிலேயே வந்து நிற்கிறது. ஆறு கிலோ வளைவுக் கேடயம் ஐந்து கிலோ தட்டைக் கேடயத்தைவிடக் கைக்கு இலகுவாகத் தெரிவது இதனால்தான்.

சரி, பிடி ஏன் குறுக்காக? தண்ணீர் நிறைந்த வாளியை எப்படித் தூக்குவீர்கள் என்று யோசியுங்கள். கையை நேராகத் தொங்கவிட்டுத்தான். எலும்பும் தசைநாரும் எடையைத் தாங்கும், புஜம் வேலை செய்யாது. பிடி குறுக்காக இருந்தால் கேடயத்தையும் அப்படித் தொங்கவிடலாம். பிடி செங்குத்தாக இருந்தால் முழங்கையை மடக்கியே ஆக வேண்டும். அதே வாளியை முழங்கையை மடக்கிப் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கிரேக்கரின் வட்டக் கேடயத்தில் முன்கையை நுழைக்க ஒரு பட்டை, விளிம்பருகே கைப்பிடி என்று இரண்டு இருந்தன. திரைப்படங்களும் விழாக்கடைகளும் அதை அப்படியே ரோமானியக் கேடயத்தில் ஒட்டிவிடுகின்றன. கடையில் வாங்கியதில் இரண்டு வார் இருந்தால் கழற்றிவிட்டு ஒரு மரப்பிடியைப் பொருத்துங்கள். அந்த இரண்டு வாரோடு இந்த வழிகாட்டியின் ஒரு படியும் வேலை செய்யாது.

4. தரையிலிருந்து தூக்குவது

கேடயத்தைத் தரையில் நிமிர்த்தி, உட்புறம் உங்களைப் பார்க்க, இடது முழங்காலில் சாய்த்து நிறுத்துங்கள். வலது கையால் மேல் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முழங்கால்களை மடக்கிக் கீழே இறங்கி, இடது கையை மேலிருந்து பிடியின் மேல் வையுங்கள். புறங்கை முன்னால் எதிரியைப் பார்க்கும், உள்ளங்கை உங்களைப் பார்க்கும். கட்டைவிரல் பிடியை முழுதாகச் சுற்ற வேண்டும். அதை மேலே நீட்டி வைத்தால் குமிழில் விழும் முதல் அடியிலேயே பிசகும்.

இப்போது எழுந்து நில்லுங்கள். கையால் தூக்கக் கூடாது, காலால் எழுந்தால் போதும். கை நேராகத் தொங்கும்போது கேடயமும் கூடவே வந்துவிடும். இந்த நிலையில் மேல் விளிம்பு மார்பு உயரத்தில், கீழ் விளிம்பு கெண்டைக்கால் நடுவில் இருக்கும். ஓய்வாக நிற்கும் நிலை இதுதான். இன்னும் ஓய்வு வேண்டுமென்றால் கீழ் விளிம்பைத் தரையில் ஊன்றி, மேல் விளிம்பில் கையை வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

போன வருடம் படிக்க வந்த ஒரு தம்பி சேர்ந்தான். நல்ல உடற்கட்டு, ஜிம்முக்குப் போகிறவன். கால் மணி நேரத்தில் "அண்ணா, கை மரத்துப்போச்சு" என்றான். பார்த்தால் முழங்கையைத் தொண்ணூறு டிகிரியில் மடக்கி, கேடயத்தை மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறான். விரல்கள் வெள்ளையாக இருந்தன. "பலத்தைக் காட்டாதடா, தொங்கவிடு" என்றேன். பலசாலிகளுக்குத்தான் இது தாமதமாக வருகிறது. பலம் இல்லாதவர்கள் முதல் நாளே சோம்பலாகத் தொங்கவிட்டுச் சரியாகப் பிடித்துவிடுகிறார்கள்.

5. சண்டை நிலை

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். இங்கே நிதானமாக இருங்கள்.

இடது காலை ஒரு அடி முன்னால் வையுங்கள். உடம்பைக் கொஞ்சம் திருப்பி இடது தோள் முன்னால் வரட்டும். இப்போது இரண்டு முழங்கால்களையும் மடக்கிக் கீழே இறங்குங்கள். கேடயத்தை மட்டும் இறங்க விடாதீர்கள். அது இருந்த உயரத்திலேயே நிற்கட்டும். முழங்கை தானாகவே சற்று மடங்கும். மார்பில் இருந்த மேல் விளிம்பு தோளுக்கு வந்துவிடும்.

அதாவது கேடயம் மேலே வரவில்லை, நீங்கள் அதன் பின்னால் இறங்கினீர்கள். புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு: நிமிர்ந்து நின்றபடி கையை உயர்த்துவார்கள். காலும் தெரியும், கையும் வலிக்கும்.

இறங்கியதும் கேடயத்தின் உட்புறம் உங்கள் உடம்பை மூன்று இடத்தில் தொட வேண்டும். பிடியில் முஷ்டி. மேலே இடது தோள். கீழே இடது தொடை அல்லது முழங்கால். கேடயத்தை ஒரே இடத்தில்தான் பிடிக்கிறோம், அதனால் மேல் விளிம்பில் அடி விழுந்தால் அது பிடியை அச்சாக வைத்துச் சுழன்று முகத்தில் இடிக்கப் பார்க்கும். தோள் அதைத் தடுக்கும். கீழே உதைத்தால் காலில் இடிக்கப் பார்க்கும். தொடை தடுக்கும். முஷ்டி மட்டும் தனியாக இந்த வேலையைச் செய்ய முடியாது.

சோதனை எளிது. நண்பரை விட்டு மேல் மூலையில் உள்ளங்கையால் ஓங்கித் தள்ளச் சொல்லுங்கள். கேடயமும் நீங்களும் ஒன்றாக அசைந்தால் சரி. கேடயம் மட்டும் அசைந்தால் எங்கோ தொடுதல் விட்டுப்போயிருக்கிறது.

காலைப் பற்றி, ரோமானியப் போர்ப்பயிற்சி பற்றி நூல் எழுதிய வெஜீஷியஸ் ஒரு குறிப்பு தருகிறார். எறிபடைகளை வீசும்போது இடது கால் முன்னால், வாளோடு கைகலக்கும்போது வலது கால் முன்னால். முதல் பாதி எல்லோருக்கும் ஒத்துவரும். இரண்டாவது பாதியைக் கனமான கேடயத்தோடு செய்து பார்த்தால் இடது தொடையின் தாங்கல் போய்விடுகிறது. வெஜீஷியஸ் எழுதியது மிகப் பிந்தைய காலத்தில். எனவே நான் புதியவர்களுக்கு இடது காலையே முன்னால் வைக்கச் சொல்லி, குத்தும் கணத்தில் மட்டும் வலது காலை உள்ளே எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

பார்வை: மேல் விளிம்புக்குச் சற்று மேலே கண் இருக்க வேண்டும். ஏதாவது பறந்து வந்தால் கேடயத்தை உயர்த்தும் ஆசை வரும். உயர்த்தினால் நீங்கள் குருடர். தாடையை உள்ளே இழுத்துத் தலையைத் தாழ்த்துங்கள், தலைக்கவசத்தின் நெற்றிப்பட்டை பார்த்துக்கொள்ளும். 2ஆம் படியில் தலைக்கவசத்தை வலியுறுத்தியது இதற்காகத்தான்.

6. இடிப்பதும் குத்துவதும்

கேடயம் தடுக்க மட்டும் இல்லை. பிரிட்டனில் அரசி பூடிக்காவின் கிளர்ச்சியை எதிர்கொண்ட ரோமானியத் தளபதி சூட்டோனியஸ் பாலினஸ், ஈட்டிகளை எறிந்தபின் குமிழாலும் வாளாலும் வேலையைத் தொடருங்கள் என்று தன் படைக்குச் சொன்னதாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். வாளுக்கு முன்னால் குமிழைச் சொன்னதைக் கவனியுங்கள். பயிற்சியிலும் வரிசை அதுதான்.

இடிப்பு கையிலிருந்து வரக்கூடாது. முழங்கையை மடக்கி நீட்டிக் குத்தினால் ஆறு கிலோவும் உங்கள் தோள் மூட்டில் பிரேக் போடும். இடது காலை எடுத்து வையுங்கள், இடுப்பு பின்னால் வரட்டும், கால் தரையில் ஊன்றும் அதே கணத்தில் முஷ்டி ஒரு சாண் முன்னால் போனால் போதும். எடையை நகர்த்துவது கால். திசை காட்டுவதுதான் கையின் வேலை. இடித்ததும் உடனே மூன்று தொடுதலுக்குத் திரும்புங்கள். இடித்துவிட்டு அப்படியே நீட்டிக்கொண்டு நிற்பவரின் மேல் விளிம்பை எதிரில் இருப்பவர் பிடித்துக் கீழே இழுப்பார். கி.மு. 58இல் அரியோவிஸ்டஸின் ஜெர்மானியர்களுக்கு எதிராக சீசரின் வீரர்கள் இதைத்தான் செய்தார்கள்: கேடய அணியின் மேலேயே பாய்ந்து, கையால் கேடயங்களைப் பிய்த்து, மேலிருந்து குத்தினார்கள்.

விளிம்பை யாராவது பிடித்துவிட்டால் பின்னால் இழுக்காதீர்கள். குறுக்குப் பிடியில் அந்த இழுபறியில் நீங்கள்தான் தோற்பீர்கள், ஏனென்றால் அவர் நெம்புகோலின் நீள முனையில் இருக்கிறார். தோளைக் கொடுத்து முன்னால் போங்கள்.

வாள் வலது இடுப்பில் தொங்குவதன் காரணமும் இப்போது புரியும். இடது பக்கம் கேடயம் அடைத்துக்கொண்டிருக்கும்போது வலது கையைக் குறுக்கே கொண்டுபோய் உருவ இடமில்லை. வலது பக்கத்திலிருந்து கையைத் திருப்பி நேராக மேலே உருவினால் கேடயம் அசையவே அசையாது. முதலில் வெறும் கையால் இருபது முறை செய்து பாருங்கள். கேடயம் ஆடினால் தோள் தொடுதல் விட்டுவிட்டது என்று பொருள்.

குத்து கேடயத்தின் வலது விளிம்பை ஒட்டிப் போக வேண்டும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, கதவைத் திறப்பது போலக் கேடயத்தை இடது பக்கம் திறந்துவிட்டுக் குத்துவது. எதிரில் இருப்பவர் காத்திருப்பதே அந்தத் திறப்புக்காகத்தான். என் விலா எலும்பில் மரவாள் பட்ட இடம் இரண்டு வாரம் கறுத்திருந்தது. அதற்குப் பிறகு நான் கதவைத் திறப்பதில்லை.

பயிற்சிக்கு ஒரு கம்பம் போதும். ஆறடிக் கம்பத்தின் எதிரே, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடையுள்ள பிரம்புக் கேடயத்தோடும் மரக்கட்டை வாளோடும் புதிய வீரர்களைப் பழக்கியதை வெஜீஷியஸ் சொல்கிறார். இரண்டு மடங்கு வேண்டாம். சாதாரண எடையிலேயே தொடங்குங்கள்.

7. கைவிடத் தெரிந்திருக்க வேண்டும்

கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் இதையும் பயிற்சி செய்ய வேண்டும்.

கி.மு. 58இல் சீசரை எதிர்த்த ஹெல்வெஷியர் என்ற இனத்தாரின் நெருக்கமான கேடயங்களில் ரோமானியரின் எறி ஈட்டிகள் பாய்ந்தன. ஒரே ஈட்டி ஒன்றுக்கு மேற்பட்ட கேடயங்களைச் சேர்த்துத் தைத்தது, இரும்பு வளைந்ததால் பிடுங்கவும் முடியவில்லை. வெகுநேரம் கையை உதறிப் பார்த்துவிட்டு, பலர் கேடயத்தைப் போட்டுவிட்டு வெற்றுடம்போடு சண்டையிட்டார்கள் என்று சீசர் எழுதுகிறார்.

ஒற்றைப் பிடியின் நன்மை இங்கே. விரல்களைத் திறந்தால் கேடயம் கீழே. முன்கையில் வார் இருந்தால் சிக்கிய கேடயம் உங்களையும் சேர்த்து இழுக்கும். பயிற்சியில் நண்பர் விளிம்பில் ஒரு கயிற்றைக் கட்டி இழுக்கட்டும். அவர் சொல்லாத ஒரு நேரத்தில் இழுக்கும்போது கையைத் திறந்து பின்வாங்குங்கள். கையுறையின் விரல் பிடியில் சிக்குகிறதா என்பதும் இதில் தெரிந்துவிடும்.

இதற்காகக் கேடயத்தைச் சும்மாவே போட்டுவிடாதீர்கள். கி.மு. 48இல் டிர்ராக்கியத்தில் சீசர் படையின் ஸ்கேவா என்ற நூற்றுவர் தலைவனின் கேடயத்தில் 120 ஓட்டைகள் எண்ணப்பட்டன. அவன் அதைக் கைவிடவில்லை.

8. பக்கத்தில் ஆள் இருக்கும்போது

தனியாகச் செய்தது எல்லாம் வரிசையில் நின்றதும் மறந்துபோகும். முதலில் இடைவெளி. வாளை வீச ஒவ்வொருவருக்கும் மூன்றடி இடைவெளி தேவை என்கிறார் பொலிபியஸ். கையை நீட்டிப் பக்கத்துத் தோளைத் தொட்டு அளந்துகொள்ளுங்கள். நெருங்கி நின்று கேடயங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினால் பார்க்க அழகு, வலது கைக்கு வேலை இருக்காது.

ஆமை வியூகத்துக்கு மட்டும் நெருங்க வேண்டும். டெஸ்டூடோ என்று எல்லோரும் முதல் நாளே கேட்பது இதைத்தான். வரிசை இது: முன்வரிசை முதலில் இறங்கிக் கேடயத்தை நேராக நிறுத்தும். அடுத்த வரிசை தங்கள் கேடயத்தைத் தலைக்கு மேல் கொண்டுபோய், அதன் முன் விளிம்பை முன்வரிசைக் கேடயங்களின் மேல் விளிம்பில் ஏற்றும். அதன்பின் ஒவ்வொரு வரிசையாகப் பின்னால். எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கினால் விளிம்புகள் மோதி, யாருடையதாவது பக்கத்துக்காரர் மூக்கில் இறங்கும்.

தலைக்கு மேல் பிடிக்கும்போது எடையைத் தலைக்கவசத்திலும் முன்னால் இருப்பவரின் கேடயத்திலும் இறக்கிவிடுங்கள். கையின் வேலை நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டும். கை மட்டும் தாங்கினால் இரண்டு நிமிடத்தில் கூரை ஆட ஆரம்பிக்கும். கலைப்பது பின்னாலிருந்து முன்னால், கூட்டியதற்கு நேர் எதிர்.

9. நடைபயணத்தில் சுமப்பது

சண்டைக்குப் பிடிப்பது வேறு, இருபது கிலோமீட்டர் கொண்டுபோவது வேறு. யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் சொல்லும் ரோமானியக் காலாளின் சுமையில் நீண்ட கேடயத்தோடு ரம்பம், கூடை, கோடரி, மூன்று நாள் உணவு எல்லாம் உண்டு. பேரரசர் டிராஜனின் போர்களைச் செதுக்கிய ரோமின் டிராஜன் தூணில் நடந்துபோகும் வீரர்கள் தலைக்கவசத்தைக் கழற்றித் தொங்கவிட்டு, மூட்டை முடிச்சைக் கழியில் மாட்டித் தோளில் சாய்த்திருக்கிறார்கள்.

முதலில் உறை. கேடயத்துக்குத் தோல் உறை உண்டு. இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து ரோமானிய முகாம்களில் ஆட்டுத்தோல் உறைகளின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. வெயிலைவிட மழைக்குத்தான் உறை. மரத்தை ஒட்டியது விலங்குப் பசை, ஈரம் இறங்கினால் அடுக்கு விட்டுப்போகும். நகலில் நவீனப் பசை போட்டிருந்தாலும் உறையைப் போடுங்கள், மரம் தண்ணீர் குடித்தால் எடை கூடும்.

உறையை அவிழ்க்கவும் பழகுங்கள். கி.மு. 57இல் நெர்வியர் என்ற இனத்தார் காட்டிலிருந்து திடீரென்று பாய்ந்தபோது, சீசரின் வீரர்களுக்குத் தலைக்கவசம் மாட்டவோ கேடய உறையைக் கழற்றவோ நேரம் இருக்கவில்லை. எங்கள் குழுவில் முடிச்சை இழுத்தால் அவிழும் சுருக்காகத்தான் போடுகிறோம். இருபது எண்ணுவதற்குள் உறை கீழே விழ வேண்டும்.

குறைந்த தூரம் என்றால் கையிலேயே கொண்டுபோகலாம். உடம்புக்கு முன்னால் வேண்டாம். மணிக்கட்டைத் திருப்பிக் கேடயத்தை இடது காலின் பக்கவாட்டுக்குக் கொண்டுவாருங்கள், சூட்கேஸ் போல. வளைவு காலை அணைத்துக்கொள்ளும். முன்னால் பிடித்து நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் பலகையில் இடிக்கும்.

நெடுந்தூரத்துக்கு முதுகில் மாட்டுங்கள். நாங்கள் உறைக்கு மேலே ஒரு அகலத் தோல் வாரைக் கட்டி, வலது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்காகக் கொண்டுவந்து மாட்டுகிறோம். இடது தோள் கழிக்கும் மூட்டைக்கும் காலியாக இருக்கும். கேடயத்தின் கீழ் விளிம்பு தொடைக்குக் கீழே போகக்கூடாது. போனால் நடக்கும்போது குதிகாலில் தட்டும், மேட்டில் ஏறும்போது இன்னும் மோசம். வார் இரண்டு விரல் அகலத்துக்குக் குறைந்தால் ஐந்தாவது கிலோமீட்டரில் கழுத்தெலும்பை அறுக்கும்.

போடும் வரிசை: உறை, வார், கேடயம் முதுகில், அப்புறம்தான் கழியும் மூட்டையும். மூட்டையை முதலில் எடுத்தவர் கேடயத்தை மாட்ட இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். மழை நாளில் அந்த இன்னொருவர் நீங்களாக இருந்தால் எப்படி எரிச்சல் வரும் என்று எனக்குத் தெரியும்.

10. திரும்பி வந்ததும்

உறையை உடனே கழற்றுங்கள். ஈர உறைக்குள் ஒரு இரவு கிடந்தால் வண்ணம் தோலில் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். நிழலில் காயவையுங்கள், ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் வளைவு மாறிவிடும், அப்புறம் 3ஆம் படியின் சமநிலைச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

தரையில் விளிம்பில் நிறுத்தி வைப்பதைவிட, சுவரில் ஒரு கனமான கொக்கி அடித்துப் பிடியிலேயே மாட்டித் தொங்கவிடுவது நல்லது. பிடியில் சுற்றிய தோல் தளர்ந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை காலை, எல்லோரும் வரிசையில் நின்றபின் பார்த்தால் சுற்றுவதற்கு நேரம் இருக்காது.